தனியே வந்த மருந்து: பெடாகுயிலின் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2012 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் பெடாகுயிலின் என்ற மாத்திரைக்கு ஒப்புதல் தந்தது. புதிய வழியில் காசநோய்க் கிருமியைத் தாக்கும் ஒரு மருந்து வந்து அப்போது நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ரிஃபாம்பிசின்தான் கடைசி. இடைப்பட்ட காலத்தில் மனிதன் பழைய மருந்துகளையே திரும்பத் திரும்பக் கொடுத்தான். கிருமி அவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டக் கற்றுக்கொண்டது.

தொற்றுநோய் மருந்துகளின் அடுத்த கட்டம் என்று பேச்சு எழும்போதெல்லாம் புதிய மூலக்கூறு, செயற்கை நுண்ணறிவு, மரபணு வரிசை என்றுதான் பேசுகிறோம். நான் பெடாகுயிலினை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அந்த எதிர்பார்ப்புகளில் முதலாவதை அது முழுமையாக நிறைவேற்றியது. உண்மையிலேயே அருமையான மூலக்கூறு. ஆனால் ஒப்புதல் கிடைத்த நாளில் அதனுடன் சேர்த்துக் கொடுக்க வலுவான துணைமருந்து இல்லை. ஒரு நோயாளியின் கிருமி அதற்குக் கட்டுப்படுமா என்று சொல்லும் எளிய பரிசோதனை இல்லை. நோய் அதிகம் உள்ள நாடுகள் தயங்காமல் வாங்கக்கூடிய விலையும் இல்லை. துணைமருந்து வந்து சேர ஏழு ஆண்டு, விலை இறங்கப் பத்தாண்டுக்கு மேல். பரிசோதனை இன்னும் எல்லா ஊருக்கும் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில் உயிர்கள் போயிருக்கின்றன. ஆகவே இதை ஒரு வெற்றிக் கதையாக மட்டும் எழுத என்னால் முடியவில்லை.

ஊசி பறித்த செவி

காசநோயின் முதன்மை மருந்துகளான ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் கட்டுப்படாத காசநோயை எம்.டி.ஆர். என்கிறோம். பத்தாண்டுகளுக்கு முன் இதற்குச் சிகிச்சை என்றால் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை, ஆயிரக்கணக்கான மாத்திரைகள், முதல் ஆறு மாதமோ எட்டு மாதமோ தினமும் கனாமைசின் போன்ற ஊசி. அந்த ஊசி உள்காதில் இருக்கும் நுண்மயிர்ச் செல்களைக் கொல்லும். அவை மறுபடி முளைப்பதில்லை. காதில் இரைச்சல் தொடங்கி, பிறகு பேச்சு மங்கி, சிலருக்கு ஒரேயடியாகச் செவி போய்விடும். உயிரா, செவியா என்று நோயாளியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் சிகிச்சை அது. பலரிடம் கேட்கக்கூட இல்லை.

ஊசி மருந்துக்கும் ஃப்ளோரோகுயினோலோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லி வகைக்கும் சேர்த்துக் கட்டுப்படாததை அன்று எக்ஸ்.டி.ஆர். என்றார்கள். அந்த வகையானால் நிலைமை இன்னும் மோசம். தென்னாப்பிரிக்காவில் அத்தகைய 107 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் நல்ல பலன் கண்டவர்கள் 16 சதவீதம்தான். 46 சதவீதம் பேர் இறந்திருந்தனர்.

எதைத் தாக்குகிறது என்று தெரியாமலே கிடைத்த மருந்து

பெல்ஜியத்தின் பீர்ஸ் ஊரில் உள்ள யான்சன் ஆய்வகத்தில் கோன் ஆண்ட்ரிஸ் குழு இம்மருந்தைத் தேடிய விதம், அன்றைய போக்குக்கு எதிரானது. 1990களின் நடுவில் நுண்ணுயிர்களின் மரபணு வரிசை வெளிவரத் தொடங்கியதும், பெரிய நிறுவனங்கள் எல்லாம் ஒரே வழியில் போயின: கிருமிக்கு இன்றியமையாத புரதம் ஒன்றைப் பிரித்தெடு, லட்சக்கணக்கான சேர்மங்களை அதன்மேல் இயந்திரம் கொண்டு சோதித்துப் பார், ஒட்டிக்கொள்வதை மருந்தாக்கு. கிளாக்ஸோஸ்மித்கிளைன் நிறுவனம் 1995 முதல் 2001 வரை 70 பெரும் தேடல்களை நடத்தியது; அவற்றில் 67 இப்படி ஓர் இலக்கின்மேல் நடந்தவை. தேறியவை ஐந்து. சோதனைக்குழாயில் புரதத்தோடு அழகாக ஒட்டிய சேர்மங்கள் பாக்டீரியாவின் சுவரைத் தாண்டி உள்ளே போகவில்லை. போனவற்றையும் அது வெளியே இறைத்துவிட்டது. அந்தத் தோல்வியை அந்நிறுவனமே கட்டுரையாக வெளியிட்டது. அடுத்து வருபவர்களுக்கு அதைவிடப் பயனுள்ள வேலை வேறில்லை என்பது என் எண்ணம்.

ஆண்ட்ரிஸ் குழு முழுக் கிருமியிலிருந்தே தொடங்கியது. காசநோய்க் கிருமி ஒருமுறை இரட்டிக்க ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும், கையாளவும் ஆபத்தானது. ஆகவே அதன் உறவுக்காரனும் மூன்று மணி நேரத்தில் இரட்டிப்பதுமான மைகோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ்மேல் சேர்மங்களைப் போட்டுப் பார்த்தார்கள். எது கொல்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு, ஏன் கொல்கிறது என்று பிறகு தேடினார்கள். டையரில்குயினோலின் என்ற புதிய குடும்பம் அப்படிக் கிடைத்தது.

மருந்துக்குத் தப்பிப் பிழைத்த கிருமிகளின் மரபணுத் தொகுதியை முழுதும் படித்தபோது மாற்றம் ஒரே இடத்தில் இருந்தது: ஏ.டி.பி. சிந்தேஸ் நொதியின் ஒரு துண்டில். செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யை அச்சடிக்கும் சுழல் சக்கரம் இது. பெடாகுயிலின் அந்தச் சக்கரத்தின் பற்களுக்கிடையில் போய் உட்கார்ந்து சுழற்சியை நிறுத்துகிறது. நம் செல்களிலும் இதே வேலை செய்யும் நொதி உண்டு; ஆனால் அது இம்மருந்துக்கு இருபதாயிரம் மடங்குக்கும் மேல் மசியாதது. 2005 ஜனவரியில் இந்த ஆய்வு வெளியானது.

ஒரு பெரிய நன்மை இதில் அடங்கியிருந்தது. பெரும்பாலான நுண்ணுயிர்க்கொல்லிகள் பெருகிக்கொண்டிருக்கும் பாக்டீரியாவைத்தான் நன்றாகக் கொல்லும். காசநோய்க் கிருமியின் ஒரு பகுதி நுரையீரலில் உறங்கிக் கிடக்கும். சிகிச்சை இத்தனை மாதம் இழுப்பதற்கு அதுவே காரணம். உறங்கும் கிருமிக்கும் ஏ.டி.பி. வேண்டும்; ஆகவே பெடாகுயிலின் அதையும் விடுவதில்லை. கையிருப்பு ஏ.டி.பி. தீரும்வரை கிருமி தாக்குப்பிடிப்பதால், முதல் மூன்று நான்கு நாள் சளியில் கிருமி எண்ணிக்கை அதிகம் குறையாது. அதன் பிறகுதான் சரியத் தொடங்கும்.

பத்து மரணங்கள்

ஒப்புதலுக்கு அடிப்படையானது சி208 என்ற இரண்டாம் கட்டச் சோதனை. 160 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான மருந்துகளுடன் பெடாகுயிலின். பாதிப் பேருக்கு அதே மருந்துகளுடன் வெற்று மாத்திரை. 24 வாரத்தில் சளி வளர்ப்புச் சோதனையில் கிருமி இல்லை என்று ஆனவர்கள் 79 சதவீதம், எதிர்த்தரப்பில் 58 சதவீதம். கிருமி மறைய எடுத்த நாள்களின் நடுமதிப்பு 83, எதிர்த்தரப்பில் 125.

ஆனால் மருந்து பெற்ற 79 பேரில் 10 பேர் இறந்தனர். வெற்று மாத்திரை பெற்ற 81 பேரில் 2 பேர்.

இந்த ஒரு கணக்கு பல ஆண்டுகள் மருத்துவர்களின் கையைக் கட்டிப்போட்டது. இறப்புகளைத் தனித்தனியே பார்த்தால் ஒரு வரிசை தெரியவில்லை: பாதிப் பேர் காசநோயாலேயே இறந்தார்கள், ஒருவர் வாகன விபத்தில், மற்றவர்களுக்கு வெவ்வேறு காரணங்கள். பெரும்பாலானவை மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்து நிகழ்ந்தவை. இருந்தாலும் எண் எண்தான். இம்மருந்து இதயத்தின் மின்துடிப்பில் க்யூ.டி. இடைவெளியை நீட்டும் (மிகவும் நீண்டால் துடிப்பு தாறுமாறாகலாம்) என்பதும் தெரிந்திருந்தது. உடலிலிருந்து பாதியளவு வெளியேற ஐந்தரை மாதம் எடுக்கும் என்பதால், நிறுத்தியபின் நடந்தது என்று சொல்லித் தள்ளிவிடவும் முடியாது. உறையில் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சானது. எச்சரித்தது சரி என்றே நான் நினைக்கிறேன். தவறு வேறிடத்தில் இருந்தது: சந்தேகத்தைத் தீர்க்க வேண்டிய மூன்றாம் கட்டப் பெரிய சோதனை ஒப்புதலுக்குப் பின் நத்தை வேகத்தில் நகர்ந்தது. 2012இல் தற்காலிகமாகத் தந்த ஒப்புதலை அமெரிக்கா முழு ஒப்புதலாக மாற்றியது 2024இல்தான்.

முதலில் துணிந்தது தென்னாப்பிரிக்கா. காசநோயும் எச்.ஐ.வி.யும் ஒன்றுசேர்ந்து ஊரை அழித்துக்கொண்டிருந்த நாடு அது. காத்திருக்க அதற்கு நேரமில்லை. நாடு முழுதும் பதிவான 19,617 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு, எம்.டி.ஆர். நோயாளிகளில் பெடாகுயிலின் பெற்றவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே என்று காட்டியது. அதே ஆண்டு அந்நாடு ஊசியை விலக்கிவிட்டுப் பெடாகுயிலினை வழக்கமான சிகிச்சையில் வைத்தது. உலகம் பின்தொடர்ந்தது.

இந்தியாவில் 2016இல் டெல்லி, மும்பை, சென்னை, அகமதாபாத், குவாஹாட்டி ஆகிய நகரங்களின் ஆறு மையங்களில் மட்டும், நன்கொடையாக வந்த மருந்தைக் கொண்டு தொடங்கினார்கள். எதிர்ப்பு பரவிவிடுமோ என்ற அச்சம் அதிகாரிகளுக்கு இருந்தது. அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் மையத்துக்கு அருகில் வீடு இருந்தால் மருந்து, இல்லையென்றால் காத்திரு என்ற நிலை நீதிமன்றம்வரை போயிற்று. கிருமியைச் சோதிக்க வழியில்லாதபோது ஆளைக் கட்டுப்படுத்துவது ஒன்றே வழியாகிவிடுகிறது.

மூன்று பேர் சேர்ந்தபோது

காசநோயில் ஒற்றை மருந்து என்பதே பொருளற்றது. தனியாகக் கொடுத்தால் சில வாரங்களில் கிருமி தப்பிவிடும். பெடாகுயிலின் வந்தபோது, ஏற்கனவே பாதி தோற்றுப்போன பழைய மருந்துகளோடு அதைச் சேர்த்தார்கள். அதன் வலிமையை நாமே பாழடித்த காலம் அது.

பிரெட்டோமனிட்டின் கதை இன்னொரு பக்கம் நடந்துகொண்டிருந்தது. சியாட்டிலின் பாத்தோஜெனிசிஸ் நிறுவனம் கண்டுபிடித்து 2000இல் அறிவித்த சேர்மம். நிறுவனம் கைமாறியது, காசநோயில் லாபம் இல்லையென்று அது கிடப்பில் கிடந்தது. லாபநோக்கற்ற டி.பி. அலையன்ஸ் 2002இல் உரிமம் பெற்று, பொதுப்பணத்தையும் அறக்கட்டளைகளின் பணத்தையும் கொண்டு 17 ஆண்டு உழைத்து 2019 ஆகஸ்டில் ஒப்புதல் வாங்கியது. அந்த ஒப்புதல் தனி மருந்துக்கு அல்ல: பெடாகுயிலின், பிரெட்டோமனிட், லினசோலிட் மூன்றும் சேர்ந்த கூட்டுக்கு. மருந்து வளர்ச்சியின் அலகு இனி மூலக்கூறு அல்ல, கூட்டு என்று ஒரு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஒப்புக்கொண்ட தருணமாக இதைப் பார்க்கிறேன்.

இந்தக் கூட்டைக் கொடுத்துப் பார்த்த நிக்ஸ்-டி.பி. சோதனையில் தென்னாப்பிரிக்காவின் 109 பேர். எக்ஸ்.டி.ஆர். நோயாளிகளும் சிகிச்சை பலிக்காத எம்.டி.ஆர். நோயாளிகளும். மாத்திரை மட்டும்; 26 வாரம். 98 பேர் தேறினார்கள், 90 சதவீதம். மேலே சொன்ன 16 சதவீதத்தை இதனருகில் வைத்துப் பாருங்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத சோதனைதான்; ஆயினும் இத்தனை பெரிய வேறுபாட்டைத் தற்செயல் என்று சொல்ல இடமில்லை.

விலை கொடுத்தது நரம்பு. லினசோலிட் நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் பெற்றவர்களில் 81 சதவீதம் பேருக்குக் கைகால் எரிச்சலும் மரப்பும். 48 சதவீதம் பேருக்கு எலும்பு மஜ்ஜை தளர்வு. பாக்டீரியாவின் புரதத் தொழிற்சாலையை நிறுத்தும் மருந்து, நம் செல்லின் மைட்டோகாண்டிரியாவில் இருக்கும் அதே மாதிரித் தொழிற்சாலையையும் தொடுகிறது. ஜீநிக்ஸ் என்ற அடுத்த சோதனை அளவைப் பாதியாக்கி 600 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தது. பலன் 91 சதவீதம். நரம்புப் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பெலாரஸ், உஸ்பெகிஸ்தான், தென்னாப்பிரிக்கா நாடுகளில் நடத்திய சோதனையில் மாக்சிஃப்ளாக்சசினையும் சேர்த்து 24 வாரம் கொடுத்தபோது 89 சதவீதம். பழைய சிகிச்சையில் 52. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆள் சேர்ப்பதை முன்கூட்டியே நிறுத்தினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இந்த நான்கு மருந்துக் கூட்டைப் பரிந்துரைத்தது. இந்திய அரசு 2024 செப்டம்பரில் ஏற்றது.

சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இந்த வரலாற்றில் இரண்டு இடம் உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய அவர்களின் முதல் பெரிய ஆய்வு, சானடோரியத்தில் படுக்கவைத்தவர்களும் வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டவர்களும் ஒரேபோலக் குணமாகிறார்கள் என்று 1959இல் நிறுவியது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அண்மையில் இதே நிறுவனம் பெடாகுயிலின், டெலாமனிட், லினசோலிட், குளோஃபாசிமின் சேர்ந்த கூட்டை ஆறு முதல் ஒன்பது மாதம் கொடுத்துப் பார்த்தது. ஃப்ளோரோகுயினோலோன் அல்லது ஊசி மருந்துக்கும் கட்டுப்படாத 165 பேரைச் சேர்த்த அந்த ஆய்வில் 91 சதவீதம் நல்ல பலன். நம் ஊரின் ஒல்லியான, ரத்தசோகை உள்ள உடம்புகளிலும் இது வேலை செய்கிறது என்பதற்கு அயல்நாட்டுப் புள்ளிவிவரத்தைவிட எனக்கு இது பெரிய சான்று.

யாருடைய பணம், யாருடைய விலை

தொடக்கத்தில் ஆறு மாத பெடாகுயிலினுக்கு நாட்டைப் பொறுத்து மூன்று விலை: 900 டாலர், 3,000 டாலர், 30,000 டாலர். மருந்தின் உருவாக்கத்தில் அரசுகளும் அறக்கட்டளைகளும் போட்ட பணம் நிறுவனம் போட்டதைவிட அதிகம் என்று பின்னர் கணக்கிட்டார்கள். அதற்கு மேல், ஒப்புதலோடு நிறுவனத்துக்கு அமெரிக்க அரசின் முன்னுரிமைப் பரிசீலனைச் சீட்டு ஒன்றும் கிடைத்தது. வேறொரு மருந்தை விரைவாகப் பரிசீலிக்கச் செய்யவோ விற்கவோ உதவும் சீட்டு அது.

இந்தியாவில் மூல மருந்தின் காப்புரிமை 2023 ஜூலையில் முடிய இருந்தது. மருந்தின் ஃப்யூமரேட் உப்பு வடிவத்துக்குத் தனிக் காப்புரிமை கேட்டு அதை 2027வரை நீட்ட நிறுவனம் முயன்றது. 2019இல் இதை எதிர்த்து மனு கொடுத்தவர்கள் இருவர்: மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலே. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். இருவரின் செவியையும் பழைய சிகிச்சை பறித்திருந்தது. தங்களுக்குக் கிடைக்காத மாத்திரை அடுத்தவருக்காவது கிடைக்கட்டும் என்று அவர்கள் நான்கு ஆண்டு நின்றார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் கோரிக்கையை நிராகரித்தது. தெரிந்த பொருளின் புது வடிவம், கூடுதல் பலன் தந்தாலன்றி, புதுக் கண்டுபிடிப்பு ஆகாது என்று சொல்லும் நம் சட்டத்தின் 3(டி) பிரிவு இத்தகைய வழக்குகளில் எத்தனை உயிர்களுக்குக் காவல் நிற்கிறது என்பதைச் சட்டம் படிக்காதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே ஆண்டு ஆகஸ்டில், பன்னாட்டு மருந்துக் கொள்முதல் அமைப்பு வழியாக 289 டாலராக இருந்த ஆறு மாத விலை 130 டாலருக்கு இறங்கியது. இந்திய நிறுவனமான லூப்பின் தயாரித்த அதே மருந்தும் பட்டியலில் ஏறியது.

புதிய நுண்ணுயிர்க்கொல்லி உருவாக்குவோரின் சிரமமும் உண்மையானதே. அகாஜென் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பிளாசோமைசின் 2018 ஜூனில் ஒப்புதல் பெற்றது. 2019 ஏப்ரலில் நிறுவனம் திவால். நல்ல நுண்ணுயிர்க்கொல்லியைக் கடைசி ஆயுதமாக அலமாரியில் பூட்டி வைக்கிறோம். விற்காத பொருளில் நிறுவனம் எப்படிப் பிழைக்கும்? பிரிட்டன் 2022இல் இரண்டு மருந்துகளில் தொடங்கி, எத்தனை பேர் சாப்பிட்டாலும் ஆண்டுக்கு ஒரு குறிப்பிட்ட தொகை என்று சந்தா கட்டுகிறது. தீயணைப்பு நிலையத்துக்கு, தீ எத்தனை முறை பிடித்தது என்று கணக்குப் பார்த்தா சம்பளம் தருகிறோம்? இந்த ஏற்பாடு பரவ வேண்டும் என்று விரும்புகிறேன். காசநோய் போன்ற ஏழைகளின் நோய்க்கோ சந்தாவும் போதாது. பிரெட்டோமனிட் வந்த பொதுப்பண வழியே பொருந்தும்.

கிருமியின் மறுமொழி

ஆய்வகத்தில் பெடாகுயிலினுக்கு எதிர்ப்பு, சுழல் சக்கரத்தின் மாற்றத்தால் வந்தது. நோயாளிகளிடத்தில் அது அரிது. அங்கே பெரும்பாலும் வேறொரு மரபணு கெட்டுப்போகிறது: ஆர்.வி.0678. இது ஓர் இறைப்புக் குழாயை அடக்கி வைத்திருக்கும் பூட்டு. பூட்டு உடைந்தால் குழாய் ஓயாமல் ஓடி மருந்தை வெளியே இறைத்துவிடும். அதே குழாய் குளோஃபாசிமின் என்ற பழைய தொழுநோய் மருந்தையும் இறைக்கும். ஆகவே பெடாகுயிலினைக் கண்ணால் கூடப் பார்க்காத சில நோயாளிகளின் கிருமியிலும் எதிர்ப்பு இருந்தது. மரபணுவின் எந்த மூலையில் பழுது வந்தாலும் பூட்டு உடையலாம் என்பதால், ஒன்றிரண்டு இடங்களை மட்டும் பார்க்கும் விரைவுச் சோதனை இதற்கு உதவாது. நம் மாவட்ட மருத்துவமனைகளில் சளியில் காசநோயை விரைவாகக் கண்டறிய இருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் பெட்டி பெடாகுயிலின் பற்றி ஒன்றும் சொல்லாது.

தென்னாப்பிரிக்காவில் 2015 முதல் 2019 வரை சிகிச்சை தொடங்கிய 2,023 பேரைச் சோதித்ததில் 3.8 சதவீதம் பேருக்குத் தொடக்கத்திலேயே எதிர்ப்பு. தென்னாப்பிரிக்காவின் அண்டை நாடான எஸ்வாட்டினியில் பரவிய ஒரு வகைக் கிருமியில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பைத் தரும் மாற்றம் ஜீன்எக்ஸ்பர்ட் பார்க்கும் பகுதிக்கு வெளியே அமைந்திருக்கிறது. பெட்டி ‘கட்டுப்படும்’ என்று சொல்லிவிடும். அந்த வகையிலேயே பெடாகுயிலின் எதிர்ப்பும் சேர்ந்து காணப்பட்டது.

2005இல் மருந்தை அறிவித்த அதே ஆண்டே பரிசோதனைக்கும் பணம் ஒதுக்கியிருந்தால்? இந்தக் கேள்விதான் இந்த ஆய்வு முழுவதும் என்னைத் தொந்தரவு செய்தது. சளியிலிருந்து நேரே குறிப்பிட்ட மரபணுக்களை முழுதாகப் படிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் இப்போது பரிந்துரைக்கிறது. அது ஒவ்வொரு மாநிலத்தின் சில பெரிய ஆய்வகங்களைத் தாண்டி இறங்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு இதில் தனி அக்கறை உண்டு. இங்கு அதிகம் காணப்படுவது முதல் மரபுக்கிளையைச் சேர்ந்த கிருமி. ஆய்வகத்தில் அதை அடக்க மற்றக் கிளைகளைவிடச் சற்றுக் கூடுதல் பிரெட்டோமனிட் தேவைப்படுகிறது. வேறு கண்டத்தின் கிருமிகளைக் கொண்டு வகுத்த கூட்டை இங்கே தரும்போது, இங்குள்ள கிருமியையும் தொடர்ந்து அளந்துகொண்டிருக்க வேண்டும்.

அடுத்த மூலக்கூறுகள்

வரிசையில் நிற்பவை பல. கிருமியின் மெழுகுச் சுவர் கட்டும் நொதியை முடக்கும் குவாபோடெபிஸ்டாட், புரதத் தயாரிப்பின் தொடக்கப் படியைத் தடுக்கும் கான்ஃபெபோரோல் இரண்டும் மனிதர்களில் சோதனையில் உள்ளன. கணினிக்கு 2,335 மூலக்கூறுகளைக் காட்டிப் பழக்கி ஹாலிசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கண்டெடுத்த 2020ஆம் ஆண்டின் ஆய்வு தேடலை வேகப்படுத்தியிருக்கிறது. அது நல்லதே, ஆனால் பெடாகுயிலினுக்குக் காலம் பிடித்தது தேடுவதில் அல்ல, தேடிக் கிடைத்த பிறகு. பாதியளவு வெளியேறவே ஐந்தரை மாதம் எடுக்கும் அதன் இயல்பே வேறொரு வாசலைத் திறக்கிறது: ஒரே ஊசியில் பல வாரம் வேலை செய்யும் வடிவத்தை எலிகளில் சோதித்திருக்கிறார்கள். தொழுநோயாளியின் வீட்டாருக்கு நோய் வராமல் தடுக்க ரிஃபாம்பிசினோடு பெடாகுயிலினைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு கொமொரோஸ் தீவுகளில் நடந்தது.

நான் மிகவும் கவனித்து வருவது, பெடாகுயிலினின் தங்கை என்று சொல்லத்தக்க டி.பி.ஏ.ஜே.-876. அதே சுழல் சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது. கிருமிமேல் இன்னும் வலுவாக வேலை செய்கிறது. இதயத்துடிப்பின்மேல் பாதிப்பு குறைவாக இருக்கும்படி வடிவமைத்தது. பூட்டு உடைந்த கிருமிமேலும் அதற்குப் பெடாகுயிலினைவிட வலிமை மிச்சம் இருக்கிறது. அதன் இரண்டாம் கட்டச் சோதனையை டி.பி. அலையன்ஸ் தொடங்கியபோது மாத்திரையைத் தனியே கொடுக்கவில்லை. முதல் நாளிலிருந்தே பிரெட்டோமனிட்டும் லினசோலிட்டும் அதனுடன் இருந்தன. பெடாகுயிலின் உள்ள அதே கூட்டு ஒரு குழுவுக்கு, பழைய நான்கு மருந்துச் சிகிச்சை இன்னொரு குழுவுக்கு. சேர்த்துக்கொண்ட நோயாளிகளும் எம்.டி.ஆர். அல்ல, வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரணக் காசநோய் உள்ளவர்கள்.